அடுத்தவர் வரிக்கு என் கையெழுத்து

அமெரிக்காவின் தனிநபர் வருமான வரிப் படிவத்துக்கு 1040 என்று பெயர். அதன் இரண்டாம் பக்கத்தின் அடியில், மேலும் கீழுமாகக் கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். மேலே வரி கட்டுபவர் கையெழுத்திட வேண்டும். கீழே, பணம் வாங்கிக்கொண்டு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும். கீழே கையெழுத்துப் போடுவதுதான் என் தொழில். நியூஜெர்சியில் எடிசன், ஐஸ்லின் வட்டாரத்தில் வாழும் நம் ஊர்க்காரர்களுக்கும், அவர்களோடு ஒரே தெருவில் வாழும் பல நாட்டு மக்களுக்கும் பல ஆண்டுகளாக வரிக்கணக்கு போட்டுக் கொடுத்து வருகிறேன். கணக்கில் தவறு இருந்தால் வரியும் வட்டியும் அபராதமும் மேலே கையெழுத்திட்டவர் தலையில்தான் விழும். கீழே கையெழுத்திடுபவருக்குக் கூட்டாட்சி அரசு என்ன தகுதி கேட்கிறது? தேர்வு கிடையாது. படிப்பு கேட்பதில்லை. ஒரு பதிவு எண் வாங்கி ஆண்டுதோறும் புதுப்பித்தால் போதும். இது மாற வேண்டும் என்று இத்தனை ஆண்டு அனுபவத்தில் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2009-ஆம் ஆண்டு வரிப் பருவத்தில் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். அதற்கு முன் விருதுநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். அங்கே நாங்கள் எவ்வளவு கவனமாகக் கணக்கு எழுதினாலும் ஆடிட்டர் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பார். பென்சிலால் சுழித்து, "இது எங்கிருந்து வந்தது, ரசீதைக் காட்டு" என்பார். அவர் பார்வை படாமல் ஒரு தாள் வெளியே போகாது. கிரீன் கார்டு வந்ததும் இங்கே ஒரு வரிக் கடையில் பருவ வேலைக்குச் சேர்ந்தேன். கடை என்றுதான் சொல்ல வேண்டும். ஜனவரியில் திறந்து ஏப்ரல் 15 தாண்டியதும் சாத்திவிடுகிற, கடைத்தெருவில் வாடகைக்குப் பிடித்த ஓர் அறை. நிறுவனமே சில வாரம் வகுப்பு நடத்தியது. மென்பொருளில் எந்தப் பெட்டியில் எதைத் தட்ட வேண்டும் என்று காட்டினார்கள். ஜனவரி கடைசியில் எனக்கு ஒரு மேசை கிடைத்தது. என்னோடு சேர்ந்தவர்களில் போன மாதம் வரை வேறு கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த இளைஞரும் இருந்தார். நல்ல பையன், கெட்டிக்காரன். ஆனால் அவர் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த குடும்பங்களுக்கு அவர் பின்னணி தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

பிப்ரவரி தொடங்கியதும் கடை நிரம்பி வழியும். கிடங்குகளில் பெட்டி தூக்குபவர்கள், உணவகச் சமையற்காரர்கள், வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் எல்லாம் முதலாளி கொடுத்த டபிள்யூ-2 சம்பளச் சான்றோடு வருவார்கள். உழைத்துச் சம்பாதிக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு 1975 முதல் ஒரு வரிச் சலுகை இருக்கிறது, ஈஐடிசி என்பார்கள். கட்டிய வரியைத் திருப்பித் தருவதோடு அது நிற்பதில்லை. வரியே கட்டாதவருக்கும் அரசு கையில் பணம் தரும். 2024 வரியாண்டில் மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 7,830 டாலர் வரை கிடைத்தது. பலருக்கு ஆண்டு முழுவதும் பார்க்கும் காசோலைகளில் பெரியது அதுதான். வாடகை பாக்கி, கார் பழுது, பிள்ளைக்குக் குளிர்கால உடுப்பு எல்லாம் அதை நம்பித்தான். அதனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "எவ்வளவு வரும்?" என்பதாகத்தான் இருக்கும்.

அந்தக் கேள்வி நியாயமானது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. அதிக ரீஃபண்ட் வாங்கிக் கொடுப்பவரே கெட்டிக்காரர் என்ற பேச்சு தெருவில் பரவும். இந்தச் சலுகைக்கு ஒரு வினோதமான அமைப்பு உண்டு: வருமானம் ஓர் எல்லை வரை ஏற ஏற, சலுகையும் ஏறும். சம்பளம் குறைவாக உள்ள ஒரு தாயின் படிவத்தில், செய்யாத சுயதொழில் ஒன்றை ஷெட்யூல் சி என்ற தாளில் எழுதி, வராத வருமானத்தைச் சேர்த்தால் ரீஃபண்ட் சில ஆயிரம் கூடிவிடும். வருமானத்தை மறைப்பதுதான் வரி மோசடி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இல்லாத வருமானத்தைக் காட்டுவதும் மோசடிதான் என்று இந்த ஊரில்தான் தெரியவந்தது. அந்தத் தாய்க்குத் தன் படிவத்தில் "முடி திருத்தும் தொழில்" என்று எழுதியிருப்பதே தெரியாது. பிறகு தணிக்கை வரும். வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பச் சொல்வார்கள். அக்கறையில்லாமல் விதியை மீறியதாக முடிவானால் இரண்டு ஆண்டும், மோசடி என்று முடிவானால் பத்து ஆண்டும் அந்தச் சலுகையைக் கேட்கவே முடியாது.

மோசடியை விட அறியாமையால் நடக்கும் சேதத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. ஷெட்யூல் பி என்ற தாளின் அடியில், வெளிநாட்டில் உங்களுக்கு வங்கிக் கணக்கு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் அதை வருமானமாகவே யாரும் நினைப்பதில்லை. ஆனால் அமெரிக்காவில் வரி நோக்கில் குடியிருப்பவராகிவிட்டால் உலகின் எந்த மூலையில் வந்த வருமானத்தையும் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், எஃப்பார் என்ற தனி அறிக்கை வேறு. அதைத் தெரியாமல் விட்டாலும் அபராதம் அறிக்கை ஒன்றுக்கு 10,000 டாலர் வரை என்று சட்டம் வைத்தது. பணவீக்கத்தோடு அந்த உச்சவரம்பு ஏறிக்கொண்டே போகிறது. நம் ஊர் மியூச்சுவல் ஃபண்டுக்குத் தனிப் படிவம், தனிக் கணக்கு. வேறிடத்தில் போட்ட பழைய படிவங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரும் மென்பொருள் பொறியாளர்களின் ஷெட்யூல் பி-யில் "இல்லை" என்ற பெட்டியில் குறி விழுந்திருக்கும். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார், அவர் என்கிட்ட கேட்கவே இல்லை" என்பார்கள். நம்புகிறேன். கேட்க வேண்டும் என்று அந்த மேசைக்காரருக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

சட்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். 1976-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம்தான் எங்கள் தொழிலை முதன்முதலில் முறையாகத் தொட்டது. படிவத்தில் கையெழுத்திட வேண்டும், வாடிக்கையாளருக்கு நகல் தர வேண்டும், நகலையோ பெயர்ப் பட்டியலையோ மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், வாடிக்கையாளரின் ரீஃபண்ட் காசோலையை நாம் மாற்றிக்கொள்ளக் கூடாது. மீறினால் அபராதம். நியாயமற்ற நிலைப்பாட்டை எடுத்து வரியைக் குறைத்தால் 1,000 டாலர், அல்லது வாங்கிய கூலியில் பாதி, எது அதிகமோ அது. வேண்டுமென்றே செய்தால் 5,000 டாலர், அல்லது கூலியில் முக்கால் பங்கு. வாடிக்கையாளரின் தகவலை வெளியே விட்டால் குற்ற வழக்கே வரும். கூர்ந்து பாருங்கள்: இவை எல்லாமே தவறு நடந்த பிறகு வருபவை. நடப்பதற்கு முன், இந்த மனிதருக்கு வேலை தெரியுமா என்று கேட்கும் விதி ஒன்றுகூட இல்லை.

அந்த இடத்தை நிரப்ப ஒருமுறை உண்மையாகவே முயன்றார்கள். அரசுக்குள் வரி கட்டுவோரின் குரலாக இருந்த நீனா ஓல்சன் 2002 முதலே இதை வலியுறுத்தி வந்தார். வருவாய்த் துறையான ஐஆர்எஸ்ஸின் தலைவர் டக்ளஸ் ஷுல்மன் 2009-இல் ஆய்வு தொடங்கி 2010 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டார். 2011 முதல் பணம் வாங்கிப் படிவம் நிரப்பும் ஒவ்வொருவரும் பீ-டின் என்ற எண்ணைக் கட்டாயம் வாங்கி, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றானது. அடுத்த படியாக, வழக்கறிஞர், சிபிஏ, என்ரோல்டு ஏஜென்ட் ஆகிய தகுதிகள் இல்லாதவர்கள் ஒரு தேர்வு எழுத வேண்டும். ஆண்டுக்கு 15 மணி நேரம் படிக்க வேண்டும். 120 கேள்விகள், இரண்டரை மணி நேரம், கட்டணம் 116 டாலர். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கு 2013 முடியும் வரை அவகாசம்.

நான் மகிழ்ச்சியோடு படிக்கத் தொடங்கினேன். மாலையில் பிள்ளைகள் தூங்கிய பிறகு சமையலறை மேசையில் பாடநூலை விரிப்பேன். சில ஆண்டுகள் போட்டுப் பழகிய கணக்குகளின் காரணம் அப்போதுதான் விளங்கியது. யார் குடும்பத் தலைவர் என்ற தகுதியைக் கோரலாம், பிரிந்து வாழும் தாய் தந்தையரில் பிள்ளையை யார் காட்டலாம் என்பதெல்லாம் மென்பொருள் கேட்கும் கேள்விகளாக இருந்தவை. அவை சட்டமாகப் புரிந்தபோது, வாடிக்கையாளரிடம் நான் கேட்கும் கேள்விகளே மாறின. தேர்வு என்றால் மதிப்பெண் என்று நினைக்கிறோம். தேர்வுக்காகப் படிக்கும் அந்த மாதங்கள்தான் மக்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார், இத்தாலிய வம்சாவளி. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, தலைமுறையாக அதே குடும்பங்களுக்கு மிகக் குறைந்த கூலியில் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். "இந்த வயசில் நான் பரீட்சை எழுத வேண்டுமா? பெரிய கம்பெனிக்குக் கட்டணமெல்லாம் ஒரு பொருட்டா? என் போன்றவர்களைத் துரத்தத்தான் இது" என்றார். அவர் கோபத்தில் உண்மை இருந்தது. பெரிய நிறுவனங்கள் இந்தத் திட்டத்தை ஆதரித்தன. சிறு கடைக்காரர்களுக்குத்தான் சுமை அதிகம். அவர் போன்ற மூன்று பேர்தான் 2012 மார்ச்சில் நீதிமன்றம் போனார்கள்: சிகாகோ, விஸ்கான்சின், நியூஜெர்சியின் ஹோபோக்கன் ஆகிய இடங்களைச் சேர்ந்த சிறு தொழில் செய்பவர்கள். லவிங் வழக்கு என்று இன்றைக்கும் எங்கள் தொழிலில் பேசப்படுவது அதுதான்.

2013 ஜனவரி 18 அன்று, வரிப் பருவம் தொடங்கும் தறுவாயில், வாஷிங்டன் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் திட்டத்தை நிறுத்தினார். 2014 பிப்ரவரி 11 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் பிற்பாடு உச்ச நீதிமன்றம் போன பிரெட் கவனா. காரணம் இதுதான்: ஐஆர்எஸ் தன் அதிகாரத்துக்கு ஆதாரமாகக் காட்டிய சட்டம் 1884-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. போரில் குதிரைகளையும் பொருள்களையும் இழந்தவர்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கருவூலத்தின் முன் வாதாட வந்தவர்களை ஒழுங்குபடுத்த எழுந்த சட்டம் அது. படிவம் நிரப்புபவர் யாருக்காகவும் வாதாடுவதில்லை; ஆகவே அந்தச் சட்டம் அவரைத் தொடாது என்றார்கள் நீதிபதிகள். இந்த அதிகாரம் வேண்டுமென்றால் நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் சட்டம் இயற்றித் தர வேண்டும் என்பது அதன் பொருள். தீர்ப்பைப் பலமுறை படித்தேன். சட்ட வாசகத்தை வைத்துப் பார்த்தால் அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. அதனால்தான் என் மனத்தாங்கல் நீதிபதிகள் மேல் இல்லை, காங்கிரஸின் மேல். மசோதாக்கள் மீண்டும் மீண்டும் வந்தன. ஒன்றும் சட்டமாகவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு 2014-இல் ஐஆர்எஸ் விருப்பத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. விரும்பியவர்கள் ஆண்டுக்கு 18 மணி நேரம் படித்தால் ஒரு சான்று தருவார்கள். அவர்கள் பெயர் அரசின் பட்டியலில் வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விரும்பிப் படிப்பவர்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லை; கவலை, படிக்காதவர்களைப் பற்றித்தான். நான் ஐஆர்எஸ் உரிமம் தரும் என்ரோல்டு ஏஜென்ட் தேர்வுக்குப் போனேன். தனிநபர் வரி, வணிக வரி, வாடிக்கையாளர் சார்பில் வாதாடும் நடைமுறை என்று மூன்று தாள்கள். தேறியவர்கள் மூன்று ஆண்டுக்கு 72 மணி நேரம் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அறநெறிப் பாடம் உண்டு. தவறு செய்தால் ஐஆர்எஸ் என் உரிமத்தையே பிடுங்கலாம். எதிர் மேசைக்காரரிடம் பிடுங்க உரிமமே இல்லை. ஒரே தொழில், ஒரே கையெழுத்து வரிசை. அதிகம் படித்தவரை அரசு அதிகம் கண்காணிக்கிறது. ஒன்றும் படிக்காதவரைக் குறைவாகக் கண்காணிக்கிறது. பீ-டின் வைத்திருக்கும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டாம் வகை.

ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க் மாநிலம் 2009-இலேயே தனியாகப் பதிவு முறை கொண்டுவந்துவிட்டது. நியூஜெர்சியில் அப்படி ஒன்றும் இல்லை. மன்ஹாட்டனுக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறவர்கள் என் வாடிக்கையாளர்களில் நிறைய. அவர்களின் நியூயார்க் படிவத்தைப் போட வேண்டுமானால் நானும் அங்கே பதிய வேண்டியிருந்தது. என்ரோல்டு ஏஜென்ட் உரிமம் கிடைத்த பிறகுதான் அதிலிருந்து விலக்கு. அதுவரை ஒரே மேசையில் ஒரே மனிதருக்கு இரண்டு மாநிலப் படிவம் போட்டேன். ஒன்றுக்கு என்னைக் கேட்க ஆள் இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை.

கண்காணிப்பு நன்றாக இருந்தால் எப்படியிருக்கும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு பருவத்துக்கு முன், ஐஆர்எஸ் அதிகாரி ஒருவர் என் அலுவலகத்துக்கு வரப்போவதாகக் கடிதம் வந்தது. ஈஐடிசி கோரும் படிவங்களில் நாங்கள் உரிய அக்கறை காட்டினோமா என்று பார்க்கும் வருகை. 8867 என்ற சரிபார்ப்புப் படிவம் இதற்கென்றே இருக்கிறது. பின்னாளில் குழந்தை வரிச் சலுகைக்கும், கல்லூரிச் சலுகைக்கும், குடும்பத் தலைவர் தகுதிக்கும் இதை விரித்தார்கள். தவறு ஒன்றுக்கு 500 டாலர் என்று இருந்த அபராதம் இப்போது 600-ஐத் தாண்டிவிட்டது. வந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி. அமைதியாகக் கோப்புகளை எடுத்து வைக்கச் சொன்னார். வீடு துப்புரவு செய்து பிழைக்கும் ஒரு பெண்ணின் கோப்பைத் திறந்தார். அந்தப் படிவம் சரியா தவறா என்று அவர் கேட்கவில்லை. "இந்தத் தொகையைச் சொன்னதும் நீங்கள் என்ன கேட்டீர்கள்? எங்கே எழுதி வைத்தீர்கள்?" என்றார்.

என் குறிப்புகளைக் காட்டினேன். எத்தனை வீடுகள், யார் பணம் தருகிறார்கள், ரொக்கமா காசோலையா, சோப்பும் துணியும் யார் வாங்குவது, பேருந்தா காரா, பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறான், பள்ளிப் பதிவேட்டில் எந்த முகவரி என்று, அவர் சொன்ன பதில்களோடு, சொன்ன அன்றே எழுதி வைத்தவை. அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தார். சில வாரம் கழித்து, அபராதம் இல்லை என்று கடிதம் வந்தது. அந்த நாளில் எனக்கு இந்தத் தொழிலின் மேல் மதிப்பு கூடியது. சட்டம் என்னிடம் எதிர்பார்ப்பது துப்பறியும் வேலையை அல்ல. சொன்னதில் பொருந்தாதது தெரிந்தால் கேள்வி கேட்க வேண்டும், பதிலை எழுதி வைக்க வேண்டும். விருதுநகர் ஆடிட்டரின் பென்சில் செய்த வேலை இதுதான். இந்த ஒழுங்கு சில சலுகைகளுக்கு மட்டும் இருக்கிறது. எல்லாப் படிவத்துக்கும், எல்லா மேசைக்கும் இருந்தால் எத்தனை குடும்பம் தப்பும்!

நம் மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எஃப்-1 விசாவில் வரும் மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரி நோக்கில் வெளிநாட்டவர். அவர்கள் போட வேண்டியது 1040-என்ஆர் என்ற வேறு படிவம். இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவால், பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்குக் கிடைக்காத நிலையான கழிவு இந்திய மாணவர்களுக்குக் கிடைக்கும். விஷயம் தெரியாதவர் இரண்டு பக்கமும் தவறு செய்வார்: ஒன்று, உரிய கழிவை விட்டுவிடுவார். அல்லது, சாதாரண 1040-ஐப் போட்டு, உரிமையில்லாத கல்லூரிச் சலுகையைக் கோரி, ஆயிரம் டாலர் வாங்கிக் கொடுத்துவிடுவார். அந்தச் சலுகை இளநிலைப் படிப்பின் முதல் நான்கு ஆண்டுகளுக்கானது. எம்எஸ் படிக்க வந்தவருக்கு எந்த வகையிலும் பொருந்தாது.

"அண்ணா, என் ரூம்மேட்டுக்கு உங்களைவிட ஆயிரம் டாலர் கூட வந்திருக்கு. அவன் போன ஆள்கிட்டயே நானும் போயிருக்கலாம் போல" என்று ஒரு தம்பி வருத்தத்தோடு சொன்னார்.

"அவர் போட்ட படிவத்தைக் கொண்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம்" என்றேன்.

ரூம்மேட்டும் வந்தார். கீழே கையெழுத்து வரிசை காலியாக இருந்தது. கூலி வாங்கிக்கொண்டு, மாணவரே தயாரித்ததுபோல அவர் பெயரிலேயே அனுப்பிவிட்டார் அந்த ஆள். இப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் தொழிலில் பேய்த் தயாரிப்பாளர் என்று பெயர். பருவம் முடிந்ததும் தொலைபேசி எடுக்க மாட்டார். படிவத்தைத் திருத்தி, வாங்கிய பணத்தை வட்டியோடு கட்டச் செய்தோம். 14157 என்ற படிவத்தில் புகாரும் அனுப்பினோம். பெற்றோர் கடன் வாங்கி அனுப்பிய பிள்ளை. நாளை குடியேற்ற மனுவில் வரிப் படிவங்களைக் கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் அவர் முகம் வெளுத்திருந்ததை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பயம் வீண் பயமில்லை. சாதாரணமாக மூன்று ஆண்டு கடந்தால் ஐஆர்எஸ் ஒரு படிவத்தைத் திறந்து கூடுதல் வரி கேட்க முடியாது. ஆனால் படிவம் மோசடியானது என்றால் கால வரம்பே இல்லை. அந்த மோசடியை வரி கட்டுபவர் செய்யாமல், அவருக்குத் தெரியாமல் படிவம் தயாரித்தவரே செய்திருந்தாலுமா? ஆம் என்று வரி நீதிமன்றம் 2007-இல் சொன்னது. வேறொரு நீதிமன்றம் 2015-இல் மாறுபட்டது. நியூஜெர்சிப் பெண்மணி ஒருவரின் வழக்கில், 1993 முதல் 1999 வரையான படிவங்களுக்கு, இருபது ஆண்டு கழித்து எழுந்த கோரிக்கையை எங்கள் வட்டாரத்துக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025-இல் ஏற்றுக்கொண்டது. மோசடி செய்தவர் தயாரிப்பாளர். வரி கேட்கப்பட்டவர் அந்தப் பெண்மணி. இதைப் படித்தபோது என் மனத்தில் எழுந்த கேள்வியை எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஒருவரின் பிழைக்கு இன்னொருவர் வாழ்நாள் முழுவதும் பொறுப்பேற்க வேண்டுமென்றால், அந்த ஒருவரைச் சோதித்துப் பார்க்காமல் மேசையில் உட்கார வைப்பது எப்படி நியாயம்?

சோதித்தால் பயன் உண்டா என்பதற்கு அரசிடமே விடை இருக்கிறது. காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2006-இல் தன் ஆட்களை வாடிக்கையாளர்போல 19 வரிக் கடைகளுக்கு அனுப்பியது. 19 படிவங்களிலும் பிழை. 2014-இல் மறுபடி 19 இடங்களுக்கு அனுப்பியது. ரீஃபண்ட் தொகையைச் சரியாகப் போட்டவர்கள் இருவர் மட்டுமே. மற்றவர்களில் ஒருவர் 3,718 டாலர் அதிகமாகப் போட்டிருந்தார். இன்னொரு பக்கம் ஓரிகன் மாநிலம். 1973-ஆம் ஆண்டிலிருந்து அங்கே சட்டம் இருக்கிறது: படிப்பு, தேர்வு, உரிமம், ஆண்டுதோறும் தொடர்கல்வி. அங்கே பணம் வாங்கிக்கொண்டு தயாரிப்பவர்கள் தாக்கல் செய்யும் கூட்டாட்சிப் படிவங்கள் சரியாக இருப்பதற்கான வாய்ப்பு நாட்டின் மற்ற பகுதிகளைவிட 72 சதவீதம் அதிகம் என்று 2008-இல் ஜிஏஓ கண்டது. அதே ஆய்வில் கலிஃபோர்னியாவுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. அங்கே படிப்பும் பதிவும் உண்டு, அரசுத் தேர்வு இல்லை. இந்த வேறுபாட்டுக்குத் தேர்வுதான் காரணம் என்று என் அனுபவம் சொல்கிறது.

"திருடுகிறவன் தேர்வும் எழுதித் தேறிவிடுவான்" என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். தேறட்டும். அப்போது அவன் கையில் பறிக்கக்கூடிய உரிமம் ஒன்று இருக்கும். இன்றைக்கு ஒருவரைத் தொழிலிலிருந்து விலக்க, அரசு நீதிமன்றம் போய் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தடையாணை வாங்க வேண்டியிருக்கிறது. அதற்குள் பல வரிப் பருவங்கள் ஓடிவிடும். "கூலி ஏறிவிடும், ஏழைகள் பேய்த் தயாரிப்பாளர்களிடம் ஓடுவார்கள்" என்பது கனமான வாதம். அதற்கு விடை, தேர்வுக் கட்டணத்தைக் குறைப்பதும், பழைய ஆட்களுக்குப் போதிய அவகாசம் தருவதும், இலவச வரி உதவி மையங்களை வளர்ப்பதும், கையெழுத்திடாத ஆட்களைத் தேடிப் பிடிப்பதும்தான். என் தெருப் பெரியவர் போன்றவர்கள் தேர்வில் தோற்க மாட்டார்கள். அவர்களுக்குத் தொழில் தெரியும். தெரியாதவர்களைத்தான் தேர்வு தடுக்கும்.

இது தமிழ்நாட்டுக்குத் தொடர்பில்லாத கதையும் இல்லை. அமெரிக்கப் படிவங்கள் பல சென்னை, கோயம்புத்தூர் அலுவலகங்களில்தான் இரவோடு இரவாகத் தயாராகின்றன. வாடிக்கையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவர் தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. உரிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் அவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் காட்டவே கூடாது என்று சட்டம் சொல்கிறது. தகவலுக்கு இவ்வளவு காவல் வைத்த சட்டம், அந்தத் தகவலை வைத்துக் கணக்குப் போடுகிறவரின் அறிவுக்கும் அளவுகோல் வைக்க வேண்டும்.

காங்கிரஸ் அதைச் செய்யும் வரை, இங்கே வாழும் நம் ஊர்க்காரர்கள் தாங்களே அந்தக் காவலாக இருக்க வேண்டியிருக்கிறது. யாரிடம் போனாலும் பீ-டின் எண்ணைக் கேளுங்கள். ஐஆர்எஸ் தளத்தின் பட்டியலில் அவர் தகுதியைத் தேடிப் பாருங்கள். ரீஃபண்டில் இத்தனை சதவீதம் கூலி என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரீஃபண்ட் எந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது என்று ஒவ்வோர் இலக்கமாகப் பாருங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். முழு நகலைக் கையில் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களிடம் நிறையக் கேள்வி கேட்பவரைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள். ஊரில் உள்ள வங்கிக் கணக்கையும், அம்மா பெயரோடு சேர்ந்த வைப்பு நிதியையும் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறவர் உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. அவர் கையெழுத்து கீழே விழுவதற்கு முன், மேலே விழப்போகும் உங்கள் கையெழுத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அப்படிக் கேட்கத் தெரிந்தவர் மட்டுமே அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதை வாடிக்கையாளரின் அதிர்ஷ்டத்துக்கு விடாமல், நாட்டின் சட்டம் உறுதி செய்ய வேண்டும்.